மொன்ட்ரியாலில் குடவோலை

டமார்! பேரின்பநாதனின் முழங்கை பட்டு, மேசையிலிருந்த மண்பானை நிலத்தில் விழுந்து சுக்குநூறானது. மஞ்சள் ஓலைகள் மண்டபமெங்கும் பறந்தன.

அன்று சென்ட் லோரன்ட் மண்டபத்தில் வளர்பிறைத் தமிழ் மன்றத்தின் தலைவர் தேர்தல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பராந்தக சோழன் ஆட்சியில் நடந்த குடவோலை முறை. எல்லா உறுப்பினர் பெயரையும் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுக்க வேண்டும். யோசனை, சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் மாதவனுடையது.

பனை ஓலைக்கு மொன்ட்ரியாலில் எங்கே போவது? மஞ்சள் காகித மட்டையை நீளநீளமாக வெட்டிப் பெயர்களை எழுதிப் போட்டவர் பேரின்பநாதன். பதினெட்டு ஆண்டுகளாக அவர்தான் தலைவர்.

சிதறியதைப் பொறுக்கிய றூபன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"இதிலை பேரின்பநாதன். இதிலையும் பேரின்பநாதன். ஐயோ, நாப்பது ஓலையிலையும் இந்த மனுசன்ரை பேர்தான்!"

மண்டபம் கொதித்தது. பேரின்பநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே பனி கொட்ட, அவருக்கு வியர்த்தது.

"பதினெட்டு வருசமா உங்களுக்கு எதிரா ஒரு குஞ்சும் நிக்கேல்லை. இன்னும் ஆசை அடங்கேல்லையோ அண்ணை?" என்றான் றூபன்.

மாதவன் சங்கடத்துடன் தொண்டையைச் செருமினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. சோழர் காலத்துல தப்பு பண்ணவங்க பேரு மட்டுமில்ல, சொந்தக்காரங்க பேரைக்கூட குடத்துல போட விடமாட்டாங்க. கள்ளக் கையெழுத்து போட்டு, தண்டனையா கழுதை மேல ஏத்தப்பட்டவங்களுக்கும் தடை இருந்துச்சு."

"அப்ப இவரைக் கழுதையிலை ஏத்துங்கோ!"

"கழுதைக்கு எங்கையடா போறது? இஞ்சை குதிரை வண்டியையே நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்று றூபனை அடக்கினாள் மன்றச் செயலாளர் துஷாந்தினி. "சோழன் சொன்ன மாதிரியே செய்வம். இவரும் சொந்தக்காரரும் இனி ஒருநாளும் தலைவராகேலாது. சம்மதமோ?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"என்ரை மகனுமோ?" பேரின்பநாதன் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"மகனும்தான்!"

"மருமகன்?"

"அவரும்தான். பிறக்கப்போற பேரப்பிள்ளையளும்தான்!"

"அதை எழுத்திலை தாங்கோ பிள்ளை."

துஷாந்தினி ஈவிரக்கமில்லாமல் எழுதி, கையெழுத்திட்டு, மன்ற முத்திரையையும் ஓங்கிக் குத்திக் கொடுத்தாள். யாரும் அவருக்கு வழிகூட விடவில்லை. மனைவி பவளராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

காரில் ஏறியதும் பவளராணி உடைந்து அழுதாள். "நாளைக்குக் கோயில்லை எப்பிடி முகத்தைக் காட்டுறது? ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

பேரின்பநாதன் கண்ணாடிகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு அந்தக் கடுதாசியை மடித்து, நெஞ்சோடு சேர்த்து உள்பையில் வைத்தார்.

"அழாதையும் பவளம். நாலு தரம் ராஜினாமாக் கடிதம் குடுத்தும் விடாத சனம், சோழன்ரை சட்டம் எண்டவுடனை விட்டிட்டுது, பாத்தீரே!"