நாலு முழம் வயர்

மாரிக்கண்ணன் ஜாய்ஸ்டிக்கைப் பார்க்கவே இல்லை. அதன் வயரைப் பூக்காரி மாதிரி முழம் போட்டுக்கொண்டிருந்தான்.

"மூணரை" என்று சொல்லி ஓரமாக வைத்தான்.

சாத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்த இத்தனை வருஷத்தில், பட்டனை அமுக்கிப் பார்த்தவர்கள் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் உண்டு. வயரை முழம் போட்ட முதல் ஆள் இவன்தான்.

தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை அவனுக்கு. ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கை எடுப்பதற்கு முன்னாலும் என் கடையின் இரும்பு ஷட்டரை ஒரு தடவை தொட்டுக்கொண்டான். அங்கே மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். அந்தப் பழக்கம்.

கார் மோதினால் கையில் அதிர்கிற மாடல் ஒன்றைச் செருகிக் கொடுத்தேன். கார் மோதியது, அது அதிர்ந்தது. மாரிக்கண்ணன் அதை மெதுவாக மேசையில் இறக்கி வைத்துவிட்டு, ரெண்டு எட்டு பின்னால் போய் நின்றான்.

"அதிர்றது வேண்டாம் அண்ணாச்சி."

சரி, வயரே இல்லாதது ஒன்று வந்திருக்கிறது என்று காட்டினேன். விலையைக்கூடக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். வயர் வேணும். விலை குறைவாக இருக்கணும். அதைவிட, நீளமாக இருக்கணும்.

"ஏலே, ஒன் வீட்டுலதான் கம்ப்யூட்டரே இல்லையே. இதை எங்கன செருகுவ?"

அடுத்ததை எடுத்து முழம் போட்டான்.

கம்ப்யூட்டர் இவன் அண்ணன் சங்கிலிமுத்துவிடம் இருக்கிறது. விற்றது நான்தான். அண்ணனும் தம்பியும் தீபாவளி போனஸைச் சேர்த்துப் போட்டு வாங்கினார்கள். ஒரே கீபோர்டில் அண்ணன் வலது ஓரம், தம்பி இடது ஓரம். தோளை இடித்துக்கொண்டு கார் ரேஸ் ஆடுவார்கள்.

அப்புறம் தம்பி மருந்து ரூமுக்கு மாறினான். அங்கே கூலி கூட. ஆனால் சீசனுக்குச் சீசன் எங்கேயாவது ஒரு மருந்து ரூம் வெடிக்கிறது. அங்கே போனால் என் மூஞ்சியில் முழிக்காதே என்றார் அண்ணன். இவன் போனான். அடுத்த வாரமே வீட்டை ரெண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். நீரடித்து நீர் விலகாது என்பார்கள். செங்கல் வைத்தால் விலகும் போலிருக்கிறது.

அதுவும் முழுச் சுவர் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபேன், அது பிரித்த கோட்டுக்கு நேர் மேலே. காற்று ரெண்டு பக்கமும் வரணும் என்று கழுத்து உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். சாத்தூர் வெயிலில் ரோஷம் மட்டும் பார்த்தால் முடியுமா.

போன மாதம் ரிப்பேருக்குப் போயிருந்தேன். சங்கிலிமுத்து இப்போதும் ரெண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தைத்தான் போடுகிறார். ஒரு கார் ஓடுகிறது. இன்னொன்று புறப்பட்ட கோட்டிலேயே நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மாரிக்கண்ணன் சோற்றுத் தட்டோடு நின்றபடி, நிற்கிற காரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரிப்பேர் கூலியைக் கேட்க மறந்து வந்துவிட்டேன்.

கம்பெனி வேன் என் கடை முன்னால்தான் வந்து நிற்கும். சாயங்காலமானால் எதிர்த்த டீக்கடை ஓரமாகச் சங்கிலிமுத்து நிற்பார். தம்பி இறங்குகிற வரை பார்ப்பார். இறங்கினதும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவார். ஒருநாள் விடாமல் இது நடக்கிறது.

மாரிக்கண்ணன் கடைசியில் நாலு முழம் வந்த ஒன்றை எடுத்தான். இருப்பதிலேயே மலிவு. பட்டன் கொஞ்சம் இறுக்கம். அவன் அதை அமுக்கியே பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த வீட்டைப் பார்த்தவன் நான். நாலு முழம் சுவரைத் தாண்டும், அண்ணனின் மேசை வரை எட்டாது. நீட்டிக்கிற வயர் ஒன்றை எடுத்து அவன் முன்னால் போட்டேன். காசு அப்புறம் கொடு என்றும் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. என் பக்கம் இது போதும்."

வீம்பு பிடித்த பயல் என்று நினைத்துக்கொண்டு பில் போட்டேன்.

மறுநாள் நான் கடை திறக்க வரும்போதே சங்கிலிமுத்து ஷட்டர் முன்னால் நின்றிருந்தார்.

"காசி, வயரை நீட்டிக்கிறதுக்கு என்னமோ இருக்காம்ல. ரெண்டு முழம் குறையுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"மேசையைச் சுவர்ப் பக்கமா ரெண்டு முழம் நகட்டுனாப் போதுமேண்ணே."

"நான் எதுக்கு நகட்டணும்?"

அதுவும் சரிதான். நேற்று தம்பி வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன அதே வயரைச் சுருட்டிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. ரோட்டைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார்.

"ஏன் காசி, உக்காந்துக்கிட்டே கழுத்து உசரச் சுவருக்கு அங்கிட்டுப் பாக்குற மாதிரி, நல்ல உசரமான ஸ்டூல் எங்கன கிடைக்கும்?"

"யாருக்குக் கேக்கீகண்ணே?"

"நாள் பூரா நின்னுட்டு வாரான்ல" என்றார்.