இருபத்தொன்று

பம்மல் தோல் பதனிடும் ஷெட்டில், காற்றில் ஆக்சிஜனை அளக்கும் கேஸ் மீட்டர்களைப் பராமரிப்பது அருள்மேரியின் வேலை. கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் காலையில் மீட்டர்மேல் ஊதிக் காட்ட வேண்டும். வெறும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று; உயிருள்ளவர் விடும் மூச்சில் அது குறைவு. எண் இருபத்தொன்றிலிருந்து இறங்கி மீட்டர் கத்தினால், அது நன்றாக வேலை செய்கிறது.

அவள் அண்ணன் சவுரிமுத்து நேற்று தொட்டிக்குள் விழுந்து வெகுநேரம் கிடந்தான். மேலே தூக்கிப் போட்டதும் எழுந்து டீ கேட்டான். இன்று முதல் ஆளாக வந்து ஊதினான். எண் அசையவில்லை.

பேட்டரியை மாற்றினாள். சென்சாரையும் மாற்றினாள். அவள் ஊதினால் கத்தியது. அவன் ஊதினால், வெறும் காற்றைப் போலவே, இருபத்தொன்று.

"மிஷின் பேஜார் பண்ணுதா?" என்று சிரித்தான். "வுடு மேரி, நான் எறங்கிக்கிறேன்."

அருள்மேரி அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது கத்தற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது. ஊதுண்ணா."