ங்க

திரையில் இருந்தவளின் வாய் மூடிவிட்டது. இவள் குரல் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"லிப் தாண்டிப் போகுதும்மா. இன்னொண்ணு போலாம்," என்றார் கோதண்டம் சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. டப்பிங்கில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மறுபடியும் அதே காட்சி. மொட்டைத் தலை, சாம்பல் சட்டை, நெஞ்சில் நாற்பத்தேழு என்ற எண். அந்த நகரத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. எப்போது தூங்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், எல்லாம் தலைவன் சொல்வான். இப்போது மாளிகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுகிறான்.

படம் முழுக்கத் தலையாட்டிய நாற்பத்தேழு இங்கேதான் முதல்முறையாக மறுக்கிறாள்.

தமிழில் எழுதிக் கொடுத்திருந்தது இதுதான்: "நீங்க போங்க. நான் வரல."

நாற்பத்தேழின் வாய் அதற்கெல்லாம் இடம் தரவில்லை. ஒவ்வொரு தடவையும் 'ங்க' வெளியே தொங்கியது.

"சார், நீ போன்னு வெச்சுக்கலாமா?"

"அவன் தலைவன்மா. ஒரு பொம்பளப் புள்ள அப்படிப் பேசினா நல்லாவா இருக்கும்?"

இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆண்டவனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே சொல். கொடுத்து வைத்தவர்கள்.

இன்னும் சில டேக்குகள் வீணாயின. கோதண்டம் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, என்னமோ பண்ணு."

"நீ போ. நான் வரல."

கச்சிதமாகப் பொருந்தியது.

திரையில் கதவு மூடிக்கொண்டது. பெரியவர்கள் யாரையும் வாய் தவறிக்கூட இவள் நீ என்றதில்லை.

"பிரமாதம்மா. அடுத்த படத்துக்கு ஹீரோயின் நீதான். வாய்ஸ் டெஸ்ட் இப்பவே எடுத்துடுவோம், இருக்கியா?"

இதுதான் கடைசிப் படம் என்று கணவர் சொல்லியிருந்தார். கண்டவளுக்கெல்லாம் குரல் கொடுத்தது போதும் என்றார். இவளும் சரிங்க என்று சொல்லியிருந்தாள்.

இந்த வேலை இவளுக்கு உயிர். அதை இவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவரும் கேட்டதில்லை.

போன் அதிர்ந்தது. கணவர்.

"கீழதான் நிக்கறேன். முடிஞ்சுதுல்ல? வா."

பின்னால் அவர் பைக் உறுமிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதண்டம் சார் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நீ..." என்றாள் போனில்.

பைக் சத்தம் நின்றது. அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

"என்ன சொன்ன?"

இங்கே பொருந்த வேண்டிய உதடு எதுவும் இல்லை. இவள் நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது.

"...ங்க போங்க. நான் வரல."

'இப்ப' என்று ஒரு சொல் மிச்சமிருந்தது. சேர்த்தால் வசனம் நீளமாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.