ஆசிரியர் உள்ளே இருக்கிறார்

1989. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டில் அச்சாகும் தமிழ் வாரப் பத்திரிகையில், அச்சிடுபவர், ஆசிரியர் இரண்டுக்கும் குலசேகரம் என்ற பெயர்தான் இருக்கும். அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் குகதாசன் அந்த வீட்டுக்குக் கோபத்தோடு வந்தார்.

"பிள்ளையளின்ரை நாட்டியத்திலை நான் நித்திரையாப் போனனெண்டு எழுதியிருக்கு. நான் கண்ணை மூடி ரசிச்சனான். மறுப்புப் போடாட்டி எங்கடை சங்கத்திலை ஒருத்தரும் இனி இந்தப் பேப்பர் வாங்கமாட்டினம். ஆசிரியரைக் கூப்பிடுங்கோ."

"அவர் உள்ளுக்கை வேலையா இருக்கிறார். கேட்டுக்கொண்டு வாறன்" என்று குலசேகரத்தின் மனைவி தவமலர் அச்சு அறைக்குள் போய்த் திரும்பினார்.

"மறுப்புப் போடுவாராம். பக்கத்திலை படத்தையும் போடவேணுமாம்."

"என்ன படம்?"

"நீங்கள் வாயைத் திறந்து ரசிக்கிற படம்."

குகதாசன் வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்ப விடுங்கோ. ஆனாலும் நேர்மையான மனுசன். நீங்களெண்டால் பயந்துபோய் நான் சொன்னபடி போட்டிருப்பியள்."

"ஓம்" என்றார் தவமலர்.

காலையிலேயே பெட்ரோல் ஷெட் வேலைக்குப் போயிருந்த குலசேகரம், ஷிப்ட் முடிந்து மாலையில் வந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்:

"இண்டைக்கு நான் ஆருக்கு என்ன சொன்னனான்?"