ஐந்து மில்லி

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு இரண்டு ஷிஃப்ட் வேலை. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் வீட்டில் தங்கிய அப்பா, தன் மீன்தொட்டியை அவளிடம் ஒப்படைத்திருந்தார். உள்ளே மீன்களைவிடச் செடிகள்தான் அதிகம். திங்கள், புதன், சனி மூன்று நாளும் காலையில் ஐந்து மில்லி திரவ உரம் விட வேண்டும்.

"உரம் போட்டியாம்மா?" என்று அன்று மாலையே போனில் கேட்பார்.

"போட்டேன்பா" என்பாள், பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி. உர பாட்டிலின் மூடியை அவள் திறந்ததே இல்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணன் அப்பாவைக் கூட்டிவந்தான். தொட்டிக்குள் செடிகள் பச்சைப்பசேலென்று அடர்ந்திருந்தன.

"பாத்தியாடா, என் பொண்ணு ஒரு நாள்கூட தவறவிடல" என்றார் அப்பா.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்ணன் வண்டியை நிறுத்தப் போனதும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான் ஒரு தடவைகூட போடல. அத்தனையும் பொய்."

அப்பா சிரித்தார். "யாருகிட்ட கதை விடுற? ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு முடிச்சதும் போட்டோ அனுப்பினியே."

அவருடைய போனில், அவள் எண்ணிலிருந்து முப்பத்தொன்பது படங்கள் வந்திருந்தன. எல்லாமே காலை எட்டு மணிக்கு எடுத்தவை. அந்த நேரத்தில் அவள் லேபில் ரத்த மாதிரிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு படத்திலும் அவள் கை தண்ணீருக்கு மேல் உரம் விட்டுக்கொண்டிருந்தது. தொட்டிக் கண்ணாடியில் முகமும் விழுந்திருந்தது. அவளுடைய முகம்தான், ஆனால் அதில் கொஞ்சமும் அவசரம் இல்லை.

அப்பா அந்த முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி ஆசையாகப் பார்த்தார். பக்கத்தில் நின்றவள் தரையைப் பார்த்தாள்.