பக்க அறைப் பைத்தியம்

“இந்த அறையில ஒண்டு மகள்ர மாப்புள இரிக்கணும், இல்லாட்டி ஒங்கட பழைய கொம்பியூட்டர் இரிக்கணும். ரெண்டும் இரிக்க ஏலா.”

மனைவி றுகையா வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அபுல் ஹஸன் பல் துலக்கும் பிரஷ்ஷோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த பிரஷ் பல்லைக் கண்டு கனகாலம். பழைய கீபோர்ட்டுகளின் இடுக்குகளில்தான் அதற்கு உத்தியோகம்.

அவள் சொன்னதில் பிழையில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஒரு தடவை பார்த்தால் வீட்டை நாலு தடவை பார்ப்பார்கள். அபுல் ஹஸனும் ஒரு காலத்தில் ஒற்றைச் சூட்கேசோடு சாய்ந்தமருதுக்கு வந்த மாப்பிள்ளைதான். வீடு றுகையாவின் சீதனம். அவருக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்தப் பக்க அறையும், அதில் கூரை முட்ட அடுக்கியிருந்த பெட்டிகளும் மட்டுமே.

பைத்தியம் தொடங்கியது சுனாமிக்குப் பிறகு. கடற்கரைப் பக்கம் இருந்த அவருடைய துணிக்கடை சேறும் உப்புமாகக் கிடந்தது. நனைந்துபோனதென்று பக்கத்துக் கந்தோர் அலுவலர்கள் வெளியே வீசிய ஒரு கொம்பியூட்டரைச் சும்மா தூக்கி வந்தார். கழற்றி, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, கருவாடு போல வெயிலில் பரப்பிக் காயவைத்தார். அதன் திரையில் எழுத்து மினுங்கிய அன்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கடல் கொண்டுபோன எதுவும் திரும்பி வராத அந்த நாட்களில் அது ஒன்றாவது திரும்பி வந்ததே என்றுதான் அழுகை.

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் மனிதர். யுத்தம் நடக்கும்போதே கொழும்பில் ஒரு கிழட்டு மொனிட்டரை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழிநெடுகச் சென்றிக்குச் சென்றி பஸ்ஸை மறித்த ஆமிக்காரர் இது என்னத்துக்கு என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் றுகையாவும் அதையே கேட்டாள். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் பெட்டிகள் லொறியிலேயே வரத் தொடங்கின.

அவற்றால் ஆன காரியம் என்ன என்று கேட்டால் அவருக்கே சிரிப்பு வரும். அஸர் தொழப் போகும்போது சுவிச்சைப் போட்டால், தொழுதுவிட்டு வரும்போது ஒன்று விழித்திருக்கும். தன் பெயரைத் தட்டுவார். அது திரையில் வருவதைப் பார்த்துப் பூரித்துப்போவார். பிறகு அணைத்துவிடுவார். பிஸ்மி சொல்லித்தான் சுவிச்சைப் போடுவார். அப்படியும் தெருவுக்கே கரண்ட் போன நாட்கள் உண்டு.

அவருக்குச் சிரிப்பாக இருந்தது மகள் அஸ்னாவுக்கு வினையாகிவிட்டது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் பக்க அறையை எட்டிப் பார்த்துவிட்டு, அறிவிக்கிறோம் என்று சொல்லிப் போனது போனதுதான். வாப்பாவுக்கு மண்டையில் வயர் கழன்றிருக்கிறது என்று ஊரில் கதை. அஸ்னாவோ வழக்கம்போல அவருடைய பெட்டிகளுக்குத் தூசு தட்டிக் கொடுத்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“சரி. இரும்புக்காரன வரச் சொல்லு,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாண்டிருப்பிலிருந்து பழைய இரும்பு வாங்கும் செல்லத்தம்பி லொறியோடு வந்தார். ஒவ்வொரு பெட்டியையும் மெல்ல வைக்கச் சொல்லி அபுல் ஹஸன் பின்னாலேயே நடந்தார். நொறுக்கப் போகிற சாமானை மெல்ல வைக்கச் சொல்லும் ஆளைச் செல்லத்தம்பி அன்றுதான் பார்த்திருப்பார். லொறி போனதும் றுகையா அறையைக் கழுவிச் சாம்பிராணி போட்டாள். அந்தப் புகை அபுல் ஹஸனுக்கு சாவு விழுந்த மையித்து வீட்டை ஞாபகப்படுத்தியது.

பின்னேரம் அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா, சொந்தக்காரப் பெண்கள் இருவரோடு வந்தார். அஸ்னாவைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். வட்டிலப்பத்தை இன்னொரு தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். றுகையாவின் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் பக்க அறை வாசலில் நின்றார்.

“இதென்ன தங்கச்சி, அறை வெறுமனே கிடக்கு?”

“எப்பவும் இப்பிடித்தான் ராத்தா. இதுக்க ஒரு சாமானும் வெக்கிறல்ல,” என்றாள் றுகையா, பெருமையாக.

சல்மா உம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு, அறிவிக்கிறோம் என்று சொல்லிச் செருப்பை மாட்டினார்.

பெட்டியும் போய் மாப்பிள்ளையும் போவதென்றால் எந்த மனிதன் பொறுப்பான்? மானத்தை விட்டுவிட்டு அபுல் ஹஸன் வாசல் கேற்றடியில் போய் நின்று, எங்கள் பக்கம் என்ன பிழை என்று கேட்டேவிட்டார்.

சல்மா உம்மா பெருமூச்சு விட்டார். “ஒங்கள்ள ஒரு பிழையுமில்ல தம்பி. எங்கட மகன் பழைய கொம்பியூட்டர் சேக்கிற பைத்தியம். கலியாணம் முடிச்சா அவ்வளவும் பொண் வீட்டுக்குத்தானே வரும்? அதக் கேட்டதும் போன இடமெல்லாம் மாட்டமெண்டுட்டாங்க. இஞ்ச ஒங்களுக்கும் அதே பைத்தியமெண்டு கேள்விப்பட்டுத்தான், இவங்க எங்கட புள்ளையத் தாங்குவாங்க எண்டு நம்பி வந்த நாங்க. ஊர்க்கதையெல்லாம் பொய்தான் போல.”

அபுல் ஹஸன் வாயைத் திறக்குமுன் றுகையா முந்திக்கொண்டாள். “உள்ளுக்கு வாங்க ராத்தா, எல்லாம் சேவிசுக்குப் போயிரிக்கி, இப்ப வந்திரும்,” என்று ஒரு கையால் சல்மா உம்மாவை இழுத்தபடி, மற்றக் கையால், செல்லத்தம்பி நொறுக்குமுன் ஓடச் சொல்வதுபோல, மோட்டார் சைக்கிள் திறப்புச் சாவியைப் புருஷனின் கைக்குள் திணித்தாள்.