ஒன்றரை மணிக் காற்று

இரும்பு உருக்கும் ஆலைக்கு எதிரே, புங்கமரப் பொந்தில் ஒரு மைனா குடியிருந்தது. அதற்கு மூன்று குஞ்சுகள். காற்றை அளக்கும் செயற்கைக்கோள் ஒன்று தினமும் பகல் ஒன்றரை மணிக்கு அந்த ஊரைக் கடக்கும்.

“காற்று சுத்தம்,” என்றது செயற்கைக்கோள்.

“அண்ணே, ஒண்ணுலருந்து ரெண்டு வரைக்கும் ஆலையில சாப்பாட்டு நேரம். அப்போ புகை கிடையாது. நாலு மணிக்கு வந்து பாருங்க. குஞ்சுங்க மூச்சு விட முடியாம கிடக்குதுங்க.”

“என் பாதை அப்படி, தாயி. ஒன்றரைக்குத்தான் வர முடியும்.”

“அடுப்பை அணைச்சப்புறம் புகை இருக்கான்னு பார்க்கிற ஆளு நீங்க!”

செயற்கைக்கோளுக்குச் சுருக்கென்றது. தன் அளவைச் சரிபார்க்க ஒரு விமானத்தை அனுப்பச் சொல்லித் தரை நிலையத்தைக் கேட்டது. விமானம் வரப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் மூன்று குஞ்சுகளில் ஒன்று செத்து, இரண்டாகிவிட்டது.

மைனா பறந்து போய் விமானத்திடம் கெஞ்சியது. “நீயாவது சாயங்காலம் வரைக்கும் இரு, தம்பி.”

“அதெப்படி அக்கா? அவர் அளக்கிற நேரத்துலதானே நானும் அளக்கணும்? அப்பத்தானே ரெண்டும் ஒத்துவருதான்னு தெரியும்?”

சரியாக ஒன்றரைக்கு இரண்டும் அளந்தன. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

“பார்த்தியா, நான் தப்பா அளக்கல,” என்றது செயற்கைக்கோள். அதன் குரலில் அத்தனை நிம்மதி.

விமானம் திரும்பிப் போயிற்று. இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. மைனா பொந்துக்குள் புகுந்து, குஞ்சுகளைச் சிறகால் மூடிக்கொண்டது.

விமானம் போன எட்டாம் நாள் ஒன்றரைக்குச் செயற்கைக்கோள் வந்தது. “காற்று சுத்தம்,” என்றது. பொந்திலிருந்து பதில் வரவில்லை. நின்று விசாரிக்க அதன் பாதையில் இடமில்லை.